சுஷி உணவும் சூரை மீனும்

ஒரு தேசத்தார் உண்ணும் பண்டம் பிறிதொரு தேசத்தார் நாவிலும் சுவை பெறுவது உலக வரலாற்றிலே புதுமையன்று. நமது கறிச்சட்டியில் நாள்தோறும் இடம்பெறும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் வழியாக இப்பக்கம் வந்தது. அதற்கு முன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தனர். சீனர் பருகிய தேயிலை இந்நாட்டு மலைகளின் கோலத்தையே மாற்றிவிட்டது. ஆதலின் யப்பானியரது சுஷி இன்று நியூயோர்க்கிலும் இலண்டனிலும் துபாயிலும் கொழும்பிலும் விற்கப்படுவதைக் கண்டு வியப்பதற்கில்லை. வியத்தற்குரியது வேறொன்று. மிளகாயை விரும்பியோர் அதன் விதையைத் தம் மண்ணில் ஊன்றிப் பயிராக்கினர். விருப்பம் பெருகப் பெருகப் பயிரும் பெருகிற்று. சுஷிக்குரிய சூரை மீனையோ அவ்வாறு விதைப்பார் இலர். மிகச் சிறு பகுதி நீங்கலாக, உண்ணப்படும் ஒவ்வொரு துண்டும் கடல் தானே பெற்று வளர்த்த மீனிலிருந்தே வெட்டப்படுகின்றது. விருப்பம் பெருகுந்தோறும் கடலின் இருப்புக் குறைகின்றது. அக்கடலுள் நமது கடலும் ஒன்று என்பதனாலேயே இப்பொருள் இம்மலரில் இடம்பெறத் தகுதியுடையதாகின்றது.

சுஷி என்றாற் பச்சை மீன் என்று பொருள் கொள்வோர் பலர். அது சரியன்று. புளிப்பேற்றிய சோறே சுஷியின் அடிப்படை. மீன் அதன்மேல் அமர்வது. தென்கிழக்காசியாவின் ஆற்றோர வயல்களில் நெல் விளைத்த மக்கள், மீனை உப்பிட்டுச் சோற்றினுள் அடைத்து மாதக்கணக்கிற் புளிக்கவைத்துப் பாதுகாத்த முறையே அதன் மூலம் என்பது அறிஞர் கருத்து. அன்று மீனை உண்டு சோற்றை எறிந்துவிடுவர். யப்பானின் பீவா ஏரிக் கரையில் அப்பழைய முறையில் இன்றும் மீன் பக்குவஞ்செய்யப்படுகின்றது. நம் நாட்டின் தென்மேற்குக் கரையார் கொறுக்காய்ப் புளி சேர்த்து மீனைச் சாடியில் அடைத்து வைப்பதனை இதற்குத் தூரத்து உறவு எனலாம். நெல்லும் மீனும் ஒருங்கே வாய்த்த நிலங்களில் இவ்வாறான பக்குவங்கள் தோன்றுதல் இயல்பே. புளிக்க வைக்காது, வினாகிரி சேர்த்த சோற்றுப் பிடியின்மேல் அன்றைய மீனை வைத்து உடனே உண்ணும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இன்று தோக்கியோ எனப்படும் எடோ நகரில் எழுந்தது. ஹனயா யோஹெய் என்னும் வணிகரின் பெயரோடு அதனை இணைத்துக் கூறுவர். அது தெருவோரக் கடைகளில் உழைப்பாளிகள் நின்றபடி உண்ட உணவு. இன்று அதற்கு இருக்கும் செல்வாக்கை அவர்கள் கனவிலும் கண்டிரார்.

சோற்றைச் சுற்றிக் கட்டும் கடற்பாசித் தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறிச் செல்வோம். 'நோரி' எனப்படும் இப்பாசியின் வாழ்க்கை வட்டம் நெடுங்காலம் ஒருவருக்கும் விளங்கவில்லை. கோடையில் மறைந்து குளிர்காலத்தில் அது எங்கிருந்து முளைக்கின்றது என்பதை அறியாத யப்பானியர், நல்வாய்ப்பை நம்பியே அதனைப் பயிரிட்டனர். இங்கிலாந்தின் மஞ்செஸ்ரரில் ஆராய்ச்சி செய்த கத்லீன் டுரூ பேக்கர் என்னும் அம்மையார், அப்பாசி தன் வாழ்நாளின் ஒரு பருவத்தைச் சிப்பி ஓட்டினுள் நுண்ணிழையாகக் கழிக்கின்றது என்பதை 1949இல் வெளியிட்டார். அதன் பின்னரே நோரி வளர்ப்பு உறுதியான தொழிலாயிற்று. யப்பானை ஒருமுறையேனும் காணாத அவ்வம்மையாருக்குக் குமமோட்டோ மாகாணத்தில் நினைவுக்கல் எழுப்பி ஆண்டுதோறும் வணக்கஞ் செலுத்துகின்றனர். கரையோர நீரில் மிகுந்துள்ள உரச்சத்தை உறிஞ்சி வளரும் இப்பாசி, சுஷித் தட்டிலுள்ள பொருள்களிற் கடலுக்கு ஏறக்குறையத் தீங்கற்றது. இனி வருவனவற்றைப் பற்றி அவ்வாறு கூற இயலாது.

எடோ நகரத்தார் சூரையை இழிந்த மீனாகவே கருதினர். கொழுப்பு மிக்க வயிற்றுப் பகுதி விரைவிற் கெட்டுவிடுமாதலின் அதனை எறிந்துவிடுவதும் உண்டு. உறைகுளிர்ப் பெட்டி வந்தது. இரண்டாம் உலகப் போரின் பின் மாட்டிறைச்சியின் கொழுப்புச் சுவையும் பழகிற்று. எறியப்பட்ட பகுதியே விலை மிக்கதாயிற்று. மறுபுறத்தே, வட அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையில் நீலச்செட்டைச் சூரை என்னும் பெருமீனைப் பிடிப்பது அக்காலத்திற் பெரும்பாலும் விளையாட்டு. பிடித்தவர் மீனோடு நின்று படமெடுத்தபின் அதனைக் குழியிற் புதைப்பதும் வழக்கம். இவ்விரண்டையும் இணைத்தது விமானம். யப்பானிலிருந்து புகைப்படக் கருவிகளும் மின்பொருள்களும் ஏற்றிச்சென்ற விமானங்கள் திரும்புகையில் ஏற்றுவதற்குப் பாரமின்றி வந்தன. யப்பான் விமான நிறுவனத்தின் சரக்குப் பகுதியைச் சேர்ந்த அக்கீரா ஒக்கசாக்கி என்பார் அவ்வெறுமையை நிரப்பும் பண்டத்தைத் தேடி, கனடாவின் பிரின்ஸ் எட்வேட் தீவுச் சூரையைக் கண்டடைந்தார். 1972 ஆகத்து 14ஆம் நாள், பனிக்கட்டியிற் பொதிந்த அம்மீன்கள் தோக்கியோவின் சுக்கிஜி சந்தையில் ஏலம் போயின. குழியிற் புதைத்த மீன் பொன்னாயிற்று. கடல்வாழ் உயிர் ஒன்றின் கதியை நிருணயித்தது வெறுமையாய்த் திரும்பிய விமானத்தின் கட்டணக் கணக்கே என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பின் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகக் காண்போம். அமெரிக்கரும் ஐரோப்பியரும் தாமே சுஷி உண்ணப் பழகினர். மத்தியதரைக் கடலிற் குட்டி மீன்களை வளைத்துப் பிடித்துக் கூடுகளில் அடைத்துக் கொழுக்க வைக்கும் தொழில் எழுந்தது. அங்கே சூரை ஒரு கிலோகிராம் எடை கூடுவதற்குப் பத்துக் கிலோகிராமுக்கு மேற்பட்ட சிறுமீன் தேவைப்படும். அத்திலாந்திக் சூரைகளைப் பேணும் சர்வதேச ஆணையம் என ஒன்று 1969 முதலே செயற்பட்டு வந்தது. எனினும், 2007ஆம் ஆண்டுக்கு 15,000 தொன்னுக்கு மேற் பிடித்தலாகாது என அதன் விஞ்ஞானிகள் கூற, ஆணையமோ 29,500 தொன்னுக்கு அனுமதி அளித்தது. 2010 மார்ச்சில் டோகா நகரிற் கூடிய மாநாட்டில், இம்மீனின் சர்வதேச வணிகத்தையே தடைசெய்ய வேண்டுமென மொனாக்கோ கொண்டுவந்த தீர்மானம் 20 வாக்குக்கு எதிராக 68 வாக்குகளால் தோற்றது. தோற்றபோதிலும் அஃது அச்சத்தை விளைவித்தது. 2011இல் அனுமதி 12,900 தொன்னாகக் குறைக்கப்பட்டது, கண்காணிப்பும் இறுகியது. பத்தாண்டுக்குள் மீன் மீண்டும் பெருகிற்று. இயற்கைப் பேணலுக்கான சர்வதேச ஒன்றியம் 2021இல் அத்திலாந்திக் நீலச்செட்டைச் சூரையை ஆபத்துற்ற இனங்களின் வரிசையிலிருந்து நீக்கிக் கவலைக்கிடமற்ற வரிசையிற் சேர்த்தது. அத்திலாந்திக்கின் மேற்குப் பகுதி மீன்கூட்டம் பழைய நிலையை இன்னும் எய்தவில்லை என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். எனினும் கிழக்கே கிடைத்த பயன் பெரிது: மீன் அழியவேண்டும் என்ற விதி எதுவுமில்லை, பிடிக்கும் அளவை அறிவியல் கூறும் எல்லைக்குள் நிறுத்தினாற் கடல் விடை கூறும்.

பத்திரிகைகளில் ஆண்டுதோறும் தைமாத முதல் ஏலத்தின் விலை பெரிதாக வெளிவருவதுண்டு. 2019இல் 278 கிலோகிராம் எடையுள்ள ஒரு மீன் 33 கோடி 36 இலட்சம் யென்னுக்கு விலைபோயிற்று. அதனைக் கண்டு சூரை பிடிப்போர் யாவரும் கோடீசுவரர் என எண்ணுதல் பேதைமை. அது கடைக்காரர் தம் கடைக்குச் செய்துகொள்ளும் விளம்பரம்.

சுஷித் தட்டில் இன்று சூரையோடு போட்டியிடுவது செந்நிறச் சமன் மீன். யப்பானியர் முன்னர் அதனைப் பச்சையாக உண்டதில்லை. அவர்கள் கடற் சமனில் ஒட்டுண்ணிகள் உண்டு. கூடுகளில் வளர்த்த தம் மீனை விற்க முனைந்த நோர்வே நாட்டார் 1980களில் பெருமுயற்சி செய்து அவ்வழக்கத்தை உண்டாக்கினர். ஒரு நாட்டின் 'மரபுச் சுவை' எனப்படுவதை இன்னொரு நாட்டின் வணிகத் துறை எழுதமுடியும் என்பதற்கு இது சான்று. கூட்டு வளர்ப்பினாற் கடற்பேன் பெருக்கமும், தப்பியோடிய மீன் ஆற்றுமீனோடு கலத்தலும், தீவனத்துக்குத் தென்னமெரிக்கக் கடலின் நெத்தலியும் நிலத்தின் சோயாவும் செலவாதலும் நேர்கின்றன. விலாங்கின் கதை இதனினும் துயரமானது. வளர்ப்பு விலாங்கு எனப்படுவதும் ஆற்றுமுகத்திற் பிடித்த கண்ணாடி போன்ற குஞ்சினை வளர்த்ததே. யப்பான் விலாங்கு 2014இல் ஆபத்துற்ற இனமாக அறிவிக்கப்பட்டது. ஐரோப்பிய விலாங்கோ அதனினும் கொடிய நிலையில் உள்ளது. அதன் குஞ்சுகள் ஆசியாவுக்குக் களவாகக் கடத்தப்படுகின்றன.

இனி நமது கடலுக்கு வருவோம்.

இந்துசமுத்திரத்திற் சுஷிக்கும் அதன் உடன்பிறப்பாகிய சஷிமிக்கும் உரியன முக்கியமாக இரு மீன்கள்: மஞ்சட்செட்டைச் சூரை, பெருங்கண் சூரை என்பன. முன்னதைக் 'கெலவல்லா' என்ற சிங்களப் பெயராலே நம்மவர் பலரும் அறிவர். இவையன்றி, உருவிற் சிறியதும் எண்ணிக்கையிற் பெரியதுமான வரிச்சூரை ஒன்றுண்டு. மாலைதீவார் அதனை அவித்துப் புகையூட்டி உலர்த்தி அனுப்புவதே நம் சமையலறை மாசி. யப்பானியர் அதே மீனை அதே வகையிற் புகையூட்டிக் கட்டைபோலாக்கிச் சீவி, தம் குழம்புக்கெல்லாம் அடிச்சாறு எடுக்கின்றனர். மாசிச் சம்பல் இன்றி உணவு இறங்காத கிழக்கிலங்கையார்க்கு யப்பானியர் நாவு அத்துணை அந்நியமானதன்று.

சூரையின் உடலமைப்பை மாணவர் கருத்தூன்றி நோக்குதல் நன்று. பெரும்பாலான மீன்களின் உடல் அவை வாழும் நீரின் குளிர்மையையே உடையது. சூரையோ இரத்த நாளங்களின் தனிப்பட்ட பின்னலினால், தசை உழைத்து விளைத்த வெப்பத்தை வெளியே விடாது காக்கின்றது. ஓயாது நீந்திக்கொண்டே இருந்தாலன்றி அதற்கு மூச்சும் இல்லை. அதன் தசை செந்நிறமாயிருப்பதும் சுவைப்பதும் இக்காரணத்தினாலேயே. அதே காரணத்தினால், தூண்டிலிற் பட்டு நெடுநேரம் போராடிய சூரையின் தசை உள்வெப்பத்தால் வெந்ததுபோல் வெளிறிவிடும். பச்சையாக உண்ணுதற்கு உதவாது. உடனே கொன்று, இரத்தம் வடித்து, குடலும் செவுளும் நீக்கி, நடுத்தண்டுவரை குளிர் இறங்கும்படி பனிக்கட்டி நீரில் ஆழ்த்தவேண்டும்.

இங்கேதான் நம் மீனவரின் இடர்ப்பாடு தொடங்குகின்றது. பல நாட்கள் கடலிற் றங்கித் தொழில்செய்யும் படகுகள் 1980கள் முதல் இந்நாட்டிற் பெருகின. ஒரு படகு பனிக்கட்டியை நிரப்பிக்கொண்டு மூன்று நாலு கிழமை, சிலவேளை அதற்கும் மேலாக, ஆழ்கடலில் நிற்கும். முதற் கிழமையிற் பிடித்த மீன் கரைசேரும்போது பழையதாகிவிடும். ஏற்றுமதிக்குத் தேறுவது பெரும்பாலும் கடைசி நாட்களிற் பட்ட மீனே. தேறியது கட்டுநாயக்காவிலிருந்து விமானமேறி ஐரோப்பா, அமெரிக்கா, யப்பான் முதலிய நாடுகளுக்குச் செல்லும்; எஞ்சியது உள்ளூர்ச் சந்தைக்கும் கருவாட்டுக்கும் செல்லும். இரண்டையும் பிடிக்க எரித்த எண்ணெய் ஒன்றே. கடல் இழந்த உயிரும் ஒன்றே. பிடிக்கும் அளவைக் கூட்டாமலே வருவாயைக் கூட்ட வழியுண்டு என்பதை இதனால் அறியலாம். நல்ல குளிரறையும் குறுகிய பயணமும் ஒரு மீனை இரு மீன் விலைக்கு விற்க உதவும். ஆயினும் அதற்குரிய முதல் பெரும்பாலான படகுக்காரரிடம் இல்லை. முதலில்லாதவன் எண்ணிக்கையையே நம்புவான்.

விமானத்தைப் பற்றியும் கூறவேண்டும். ஒரு கிலோகிராம் மீனை ஆகாய வழியே கொண்டுசெல்லுதல், கடல் வழியே கொண்டுசெல்வதிலும் பன்மடங்கு கரியமில வாயுவைக் கக்கும். தூரக் கடலிற் றொழில்செய்யும் யப்பானிய, தாய்வான் கப்பல்கள் மீனைப் பூச்சியத்துக்குக் கீழ் 60 பாகை செல்சியசில் உறையவைத்துக் கப்பலிலேயே அனுப்புகின்றன. யப்பானியர் உண்ணும் சூரையிற் பெரும்பங்கு இத்தகையது. 'இன்று பறந்து வந்த மீன்' என்று உணவகப் பலகையில் எழுதுவது பெருமைக்கு உதவுமேயன்றி நாவுக்கு அத்துணை உதவுவதில்லை என்பது எம் கருத்து.

இந்துசமுத்திரத்தில் யப்பானியரின் நெடுந்தூண்டிற் கப்பல்கள் 1952இல் வந்தன. 1980களின் முற்பகுதியில் பிரான்சு, ஸ்பானியா நாடுகளின் சுருக்குவலைக் கப்பல்கள் மேற்குப் பகுதிக்கு வந்துசேர்ந்தன. அவை கடலிற் செயற்கை மிதவைகளை அலைய விட்டு, அவற்றின் நிழலிற் கூடும் மீனை வளைத்து அள்ளுகின்றன. மிதவையின்கீழ் வரிச்சூரையோடு மஞ்சட்செட்டை, பெருங்கண் சூரைகளின் குட்டிகளும் கூடும். ஒரு முழ நீளமே உள்ள அவை ஒருமுறையும் முட்டையிட்டிரா. அம்மீன் செல்வது சுஷித் தட்டுக்கன்று, தகரப் பேணிக்கே. எனினும் பேணிக்குள் புகுந்த குட்டி பெருமீனாக வளராது என்பதனால், ஒரு கப்பலின் பிடி மற்றைய படகின் நாளைய பிடியைத் தின்றுவிடுகின்றது. சுஷிமீது பழியனைத்தையும் சுமத்துவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

நாமும் பழியினின்று நீங்கியவர் அல்லேம். இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், ஈரான், ஓமான் முதலிய நாடுகளின் படகுகள் சூரைக்கு இடும் செவுள்வலைகளில் ஓங்கிலும் ஆமையும் சுறாவும் சிக்கி மடிகின்றன. 1950 முதல் 2018 வரை இக்கடலின் சூரை வலைகளில் மடிந்த ஓங்கில் முதலிய சிறு திமிங்கில இனங்கள் ஏறத்தாழ 41 இலட்சம் என ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. அவ்வலைகளின் மீனிற் பெரும்பகுதியைத் தோக்கியோ உண்ணவில்லை. நாமும் நம் அயலாரும் உண்டோம். இரண்டரைக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட மிதப்பு வலைகள் 2022 தொடக்கம் இச்சமுத்திர ஆணையத்தின் எல்லை முழுவதிலும் விலக்கப்பட்டுள்ளன. மாலைதீவார் பல நூற்றாண்டாகக் கோல்தூண்டிலால் ஒவ்வொன்றாகவே வரிச்சூரையைத் தூக்குகின்றனர். அவர்கள் படகில் ஓங்கில் செத்த கதை அரிது. அம்முறைக்கு உயிருள்ள சிறுமீன் இரை வேண்டும். திட்டுத்திட்டாகப் பவளப் பாறை சூழ்ந்த அவர்கள் கடலில் அது எளிதிற் கிடைக்கும். எல்லாக் கரைக்கும் அது பொருந்தாது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

சீசெல்சுத் தீவில் நிலையம் கொண்டுள்ள இந்துசமுத்திரச் சூரை ஆணையம் 1996 முதல் இயங்கி வருகின்றது. இலங்கையும் அதில் உறுப்புரிமை பெற்றது. மஞ்சட்செட்டைச் சூரை தாங்கும் அளவுக்கு மேற் பிடிக்கப்பட்டுவிட்டது என 2015இல் அதன் விஞ்ஞானக் குழு அறிவித்தது. அடுத்த ஆண்டு, பெருமளவிற் பிடிக்கும் நாடுகள் தம் 2014ஆம் ஆண்டுப் பிடியிலிருந்து சுருக்குவலைக்கு நூற்றுக்குப் 15, செவுள்வலைக்கும் நெடுந்தூண்டிலுக்கும் நூற்றுக்குப் 10 வீதம் குறைக்கவேண்டுமெனத் தீர்மானிக்கப்பட்டது. எழுத்திற் குறைந்தது கடலில் உடனே குறையவில்லை. 'முதலிற் பெருங்கப்பல்கள் குறைக்கட்டும்' என்றனர் கரையோர நாட்டார். 'உங்கள் படகுகளின் கணக்கே ஒழுங்காக இல்லையே' என்றனர் மற்றையோர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. 2023 பெப்ரவரியில் மொம்பாசா நகரிற் கூடியபோது, ஆண்டில் 72 நாட்கள் அலையும் மிதவைகளைப் பயன்படுத்தலாகாது என்னும் தீர்மானம் வாக்கெடுப்பில் நிறைவேறிற்று. ஐரோப்பிய ஒன்றியமும் வேறு சில நாடுகளும் மறுப்பு எழுதிக்கொடுத்தமையால் அது பயனற்றுப் போயிற்று. பிறர்க்குக் கடற்சட்டம் கற்பிக்கும் ஒன்றியம் தன் கப்பல்களுக்கு நேர்ந்தபோது இவ்வாறு நடந்துகொண்டது அழகன்று.

'கற்பிக்கும்' என்றதற்குக் காரணம் உண்டு. சட்டத்துக்கு மாறான மீன்பிடியைக் கட்டுப்படுத்தத் தவறியதாக 2012 நவம்பரில் இலங்கையை எச்சரித்த ஐரோப்பிய ஒன்றியம், 2015 சனவரி நடுப்பகுதி முதல் நமது படகுகளின் மீனை வாங்க மறுத்துவிட்டது. 2013இல் அவ்வொன்றியம் இலங்கையிலிருந்து கொண்ட மீன் 7 கோடி 40 இலட்சம் யூரோ பெறுமதியுடையது. ஏற்றுமதி மீனின் விலை வீழ்ந்தது, படகுக்காரர் கடன்பட்டனர். தடையின் கீழ்த் துன்புற்றவர் சட்டத்தை இயற்றியோரல்லர், கடலிற் கிடந்தோரே. எனினும் அதன் விளைவு முற்றிலும் தீதன்று. ஆழ்கடற் படகுகளுக்குச் செய்மதி மூலம் இடமறியும் கருவி பொருத்தப்பட்டது. பிடித்த மீனைப் பதிவேட்டில் எழுதுதல் கட்டாயமாயிற்று. தண்டனைப் பணம் உயர்த்தப்பட்டது. 2016 சூனில் தடை நீங்கிற்று. கொடுமையான ஆசிரியனிடமும் ஒரு பாடம் கற்கக் கிடைத்ததெனக் கொள்ளலாம்.

2024இல் நிகழ்ந்த மதிப்பீடு, மஞ்சட்செட்டைச் சூரை இனி அளவுக்கு மேற் குறைந்த நிலையில் இல்லை என்று கூறியது. இது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், மீன் உண்மையிற் பெருகிற்றா, கணக்கிடும் முறையும் தரவும் மாறியமையால் எண் பெருகிற்றா என்ற வினாவும் உடனே எழுந்தது. கடலில் ஓடும் மீனை எவரும் எண்ணியதில்லை. கரைக்கு வந்த மீனை அளந்து, வராத மீனை ஊகிக்கின்றோம். கரைக்கணக்குப் பிழைத்தால் ஊகமும் பிழைக்கும்.

இவையெல்லாம் சம்மாந்துறைக்கு எவ்வளவிற் பொருந்தும் என்று வினவுவோர் இருக்கலாம். நம்மூர் வயலூர், கடல் இரண்டொரு கட்டைக்கு அப்பால். ஆனால் சம்பான் என்னும் மரக்கலங்கள் வந்தொதுங்கிய துறையாதலின் இப்பெயர் பெற்றதென ஊரார் கூறுவர். வீரமுனைப் பிள்ளையார் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் எனப் போற்றப்படுவதும், சோழநாட்டு அரசியோடு கடல் கடந்து வந்தவர் என்ற தலவரலாற்றினாலேயே. காரைதீவிலும் சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் வலைபோடுவோர் பிடித்ததே இவ்வூரின் அடுப்பில் வேகின்றது. இவ்வூரின் நெல்லே அவர்கள் உலையில் வேகின்றது. தமிழர், முசிலிம்கள் என்ற வேற்றுமை அடுப்புக்குத் தெரியாது. அடுப்பைப் பற்றிப் பேசுகையில், சுஷியின் சோற்றையும் விட்டுவிடலாகாது: நீர் தேங்கிய நெல்வயல் யாவும் மெதேன் வாயுவை வெளிவிடுகின்றன, யப்பானின் வயலும் நம் வட்டையும் அதில் ஒன்றே. இடையிடையே நீரை வடித்துக் காயவிடும் முறையினால் அதனைக் குறைக்கலாம். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

கல்முனைக் கரையின் ஆழ்கடற் படகுகளுக்குச் சரியான ஒதுங்குமிடம் நெடுங்காலம் இல்லை. டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டி 2013இல் திறந்துவைத்த ஒலுவிற் றுறைமுகம் அக்குறையைத் தீர்க்கும் என்று எதிர்பார்த்தனர். கிழக்குக் கரையில் அலைகள் மணலை ஆண்டு முழுவதும் பெரிதும் வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. குறுக்கே கல்லணை எழுந்ததும் தெற்கே மணல் குவிந்து துறைமுக வாயிலை அடைத்தது. வடக்கே மணல் கிடைக்காத கரையைக் கடல் அரித்துத் தென்னந் தோட்டங்களையும் கரைவலை இழுக்கும் வாடிகளையும் கொண்டுபோயிற்று. ஆழ்கடல் மீனுக்கென வகுத்த வசதி, கரைவலைக்காரனின் நிலத்தை விழுங்கியது. உலகச் சந்தை ஒரு மீனைக் கேட்கும்போது அதற்கான விலையைச் செலுத்துவோர் எப்போதும் அம்மீனைப் பிடித்தவராகவே இருப்பதில்லை.

சந்தையிலும் இதனைக் காணலாம். முதற்றரச் சூரை விமானத்துக்குத் தெரிவான பின் மிஞ்சியதற்கே உள்ளூரார் பேரம் பேசுகின்றனர். கீரியும் சாளையும் நெத்தலியும் உள்ளவரை ஏழை வீட்டில் மீன்மணம் நீங்காது. அச்சிறுமீனே சூரைக்கும் இரை. பிறநாடுகளில் வளர்ப்பு மீனுக்குத் தீவனம். சிறுமீனின் உரிமையாளர் மூவர் எனின், முதலில் உண்ணவேண்டியவர் யார் என்பதை விஞ்ஞானம் தீர்மானிக்காது. அரசும் மக்களும் தீர்மானிக்க வேண்டும். அந்நியச் செலாவணி வேண்டாமென்பது எம் வாதமன்று. 2022இல் அது இல்லாமையால் மண்ணெண்ணெயும் டீசலும் இன்றிப் படகுகள் கரையிற் கிடந்ததை இக்கரை கண்டது. சூரை விற்று எண்ணெய் வாங்குவதில் இழுக்கில்லை. எவ்வளவு விற்கின்றோம் என்பது தெரியாமல் விற்பதிலேயே இழுக்கு.

ஆணையத்தின் விதிப்படி, கரைக்கு வரும் ஒவ்வொரு தொன் மீனுக்கும் ஒரு மீனையேனும் அளந்து நீளம் பதிதல் வேண்டும். இந்நாட்டில் நாரா எனப்படும் நீர்வள ஆராய்ச்சி நிறுவனமும் கடற்றொழிற் றிணைக்களமும் அப்பணியைச் செய்கின்றன. அளவுகோல் ஒன்று, பதிவேடு ஒன்று, விடியற்காலையில் எழும் உறுதி ஒன்று ஆகிய மூன்றுமே அதற்கு வேண்டுவன. மூக்கு நுனியிலிருந்து வாற்கவட்டின் நடுவரை அளக்கவேண்டும். வால் நுனிவரை அளந்தால் கணக்குப் பிழைக்கும். ஒரு மீற்றருக்குக் குறைந்த மஞ்சட்செட்டைச் சூரை பெரும்பாலும் இன்னும் இனம் பெருக்காதது. இவ்வளவையும் உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் மாணவன் ஒரே நாளிற் கற்றுக்கொள்வான். கல்முனைக்கும் வாழைச்சேனைக்கும் வந்திறங்கும் மீனை ஆண்டு முழுவதும் கிழமைக்கு ஒருநாள் அளந்து எழுதும் மாணவர் குழு ஒன்று இக்கல்லூரியின் விஞ்ஞானக் கழகத்திலிருந்து புறப்படுமாயின், அதற்கு வேண்டிய அளவுகோலையும் பேருந்துக் கட்டணத்தையும் பழைய மாணவர் சங்கம் தருதல் பெருஞ்செலவன்று.